பெர்சி ஜாக்சன்: அட்டையில் 6 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள்

ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் கதைகளைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்றால், தாராளமாகத் தரலாம். பெரியவர்கள் படிக்கலாமா என்றால் அவர்களும் படிக்கலாம். கிரேக்கப் புராணம் கொஞ்சம் தெரிந்திருந்தால் பிள்ளைகளைவிட அதிகமாகவே சிரிப்பார்கள். எதை வாங்குவது, எந்த வரிசையில் படிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

மூல வரிசை ஐந்தே புத்தகம். தி லைட்னிங் தீஃப் (2005), தி சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ் (2006), தி டைட்டன்ஸ் கர்ஸ் (2007), தி பேட்டில் ஆஃப் தி லேபிரிந்த் (2008), தி லாஸ்ட் ஒலிம்பியன் (2009). பன்னிரண்டு வயதில் தொடங்கும் கதை பதினாறாவது பிறந்தநாளில் முடிகிறது. எதுவும் தொங்கலில் நிற்பதில்லை. பதினான்கு வருடம் கழித்து 2023-ல் தி சாலிஸ் ஆஃப் தி காட்ஸ், அடுத்த வருடம் ராத் ஆஃப் தி ட்ரிப்பிள் காடஸ் என்று இன்னும் இரண்டு வந்தன. இவற்றுக்கு ஆறு, ஏழு என்று எண் கொடுத்துவிட்டார்கள். ஐந்தை முடித்த கையோடு ஆறை எடுப்பவருக்கு முதல் அத்தியாயத்திலேயே தலை சுற்றும். பெர்சி நியூ ரோம் பல்கலைக்கழகத்தில் சேர மூன்று கடவுள்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும் என்பதுதான் அதன் கதை. நியூ ரோம் என்றால் என்ன, அங்கே அவனுக்கு என்ன வேலை என்பதெல்லாம் ஐந்து புத்தகங்களில் ஓரிடத்திலும் இல்லை. அது 2010 முதல் 2014 வரை வந்த ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ் என்ற இரண்டாவது வரிசையில் வரும் சங்கதி. ஆக, எண்படி ஆறு, கதைக் காலப்படி பதினொன்று. இடையில் இருக்கும் ஐந்தைத் தாண்டிக் குதித்தால் அந்த ஐந்தின் முடிச்சுகளும் வீணாகிவிடும்.

வாங்கும்போது இன்னும் சில கண்ணிகள் உண்டு. இதே தலைப்புகளில் கிராஃபிக் நாவல்களும் இருக்கின்றன. இணையக் கடையில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் படக்கதை வந்து சேரும். படங்கள் மோசமில்லை. ஆனால் இந்தக் கதையின் உயிர் பெர்சி தன் வாயால் சொல்லும் நக்கலில் இருக்கிறது, அதில் முக்கால்வாசி படக்கதையில் உதிர்ந்துவிடுகிறது. இன்னொன்று, இங்கே பெரும்பாலும் கிடைப்பது பஃபின் வெளியிடும் பிரிட்டிஷ் பதிப்பு. அதில் தலைப்பு 'பெர்சி ஜாக்சன் அண்ட் தி லைட்னிங் தீஃப்' என்றிருக்கும். அமெரிக்கப் பதிப்பில் 'பெர்சி ஜாக்சன் அண்ட் தி ஒலிம்பியன்ஸ்' என்பது வரிசையின் பெயர். இரண்டும் ஒரே நாவல்தான், இரண்டு வேறு புத்தகம் என்று நினைத்து இரட்டிப்பாக வாங்க வேண்டாம். 'பெர்சி ஜாக்சன் அண்ட் தி கிரீக் காட்ஸ்' என்று ஒன்று கண்ணில் படும். அது நாவல் அல்ல. பெர்சி குரலில் சொல்லப்பட்ட கடவுள்களின் புராணக் கதைகள். அதற்கு வேறு பயன் உண்டு, பிறகு சொல்கிறேன்.

கதையின் அடிப்படை இதுதான்: கிரேக்கக் கடவுள்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், இப்போது அமெரிக்காவில் குடியிருக்கிறார்கள். ஒலிம்பஸ் இருப்பது நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-வது மாடியில். பாதாள உலகத்தின் வாசல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குள். கடவுள்களுக்கும் மனிதர்களுக்கும் பிறந்த பிள்ளைகள் லாங் ஐலண்டில் ஒரு கோடை முகாமில் வாள் பழகுகிறார்கள். பெர்சிக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கல், ஏடிஹெச்டி என்ற கவனச் சிக்கல் இரண்டும் உண்டு. அவன் மூளை பழங்கிரேக்க எழுத்துக்காகக் கட்டப்பட்டது, அதனால் ஆங்கில எழுத்து ஆடுகிறது. சும்மா உட்கார முடியாதது போர்க்களத்துக்கான அனிச்சை. ரியோர்டன் டெக்சஸில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இதே இரண்டு சிக்கலும் இருந்த தன் மகனுக்கு இரவில் சொன்ன கதை இது. அதனால் பள்ளிக்கூடக் காட்சிகளில் இரக்கம் காட்டும் தொனி இல்லை, உள்ளே இருந்து பார்க்கும் எரிச்சலும் சிரிப்பும் இருக்கிறது.

மாயாஜாலக் கதைகளில் விதிகள் வசதிக்கு ஏற்ப வளைந்தால் சுவாரஸ்யம் போய்விடும். இங்கே விதிகள் கறாரானவை. பெர்சியின் பேனா வாளாகும். எங்கே தொலைத்தாலும் சட்டைப்பைக்குத் திரும்பி வரும். அதன் வெண்கலம் அசுரப் பிறவிகளை வெட்டும், சாதாரண மனிதர் உடலில் பட்டால் புகை போல ஊடுருவிப் போகும். வெட்டுப்பட்ட பிறவி தூசியாகிவிடும், ஆனால் சாவதில்லை. பாதாளத்தின் அடியாழமான டார்ட்டரஸில் மறுபடி உருத்திரண்டு வரும். அமிர்தம் காயத்தை ஆற்றும், அளவு மீறினால் எரித்துவிடும். செல்போன் எடுத்தால் அசுரர்களுக்கு மோப்பம் கிடைக்கும், அதனால் வானவில்லுக்குள் பொன் டிராக்மா நாணயத்தை எறிந்துதான் பேச வேண்டும். இவையெல்லாம் முதல் புத்தகத்தில் போகிற போக்கில் சொல்லப்படுபவை. மூன்றாம், நான்காம் புத்தகங்களில் ஒவ்வொன்றும் கணக்கோடு திரும்பி வரும்.

இந்த வரிசையைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பழைய கதையைக் கழற்றிப் புது இடத்தில் மாட்டும் கைவேலை. முதல் புத்தகத்தின் 11-வது அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் சாலையோரம் தோட்டச் சிலைகள் விற்கும் கடை. முகத்திரை போட்ட 'ஆன்ட்டி எம்' சீஸ்பர்கர் கொடுத்து உபசரிக்கிறாள். யார் என்பதைப் புராணம் தெரிந்தவர் பெயர்ப்பலகையிலேயே கண்டுபிடித்துவிடுவார். பெயர்ப்பலகையின் எழுத்து பெர்சிக்குப் பிடிபடாமல் ஆடுவதால் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் மெடூசா, தன்னைப் பார்த்தவரைக் கல்லாக்குபவள். கிரேக்கக் கதையில் பெர்சியூஸ் அவளைக் கொல்லப் போகும்போது கையில் இருந்தவை: வளைந்த வாள், பறக்கும் பாதுகை, பார்வைக்கு மறைக்கும் ஹேடிஸின் தொப்பி, அதீனாவின் பளபளப்பான கேடயம், தலையைப் போட்டுக்கொள்ள ஒரு பை. இங்கே அந்தச் சாமான்கள் மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. வாள் பெர்சியிடம். பறக்கும் ஷூ அவன் நண்பன் க்ரோவர் காலில். மறைக்கும் தொப்பி, நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் தொப்பியாகத் தோழி அன்னபெத் தலையில். கேடயத்துக்குப் பதில் தோட்ட அலங்காரத்துக்கு வைக்கும் கண்ணாடி உருண்டை. அதைக் கொடுக்கும்போதே குவிந்த பரப்பில் பிம்பம் கோணலாகத் தெரியும் என்று அன்னபெத் கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறாள், அதீனாவின் மகள் அல்லவா. பை எது? கடைக் கல்லாவின் பின்னால் கிடந்த மளிகைப் பிளாஸ்டிக் பை, இரண்டு போட்டுச் சுற்றியது. ஒற்றை வீரன் செய்ததை மூன்று பேர் சேர்ந்தால்தான் செய்ய முடிகிறது. இதை எங்கேயும் விளக்குவதில்லை. தெரிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்.

இதைவிட ஒரு படி மேலே போவது நான்காம் புத்தகத்தின் பண்ணை. டெக்சஸில் கெரியன் என்பவனின் மாட்டுப்பண்ணை. மூன்று மார்புக்கூடு உள்ளவன். அங்கே மனித மாமிசம் தின்னும் குதிரைகளின் லாயத்தைச் சூரியன் மறைவதற்குள் சுத்தம் செய்ய வேண்டும். புராண வீரன் ஹெராக்ளிஸின் பன்னிரண்டு வேலைகளில் ஐந்தாவது ஆஜியாஸின் தொழுவம், எட்டாவது டயமீடிஸின் மாமிசக் குதிரைகள், பத்தாவது கெரியனின் மாடுகள். மூன்றையும் ஒரே பண்ணையில் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். ஹெராக்ளிஸ் ஆற்றைத் திருப்பிவிட்டுக் கழுவினான், பெர்சியோ கடல் கடவுளின் மகன், அவனுக்கு அது இன்னும் சுலபம் என்று நினைக்கிறோம். ஆற்றுக்குப் போனால் அங்கே குடியிருக்கும் நீர்ப்பெண் வழிமறிக்கிறாள்: ஹெராக்ளிஸ் செய்ததால் அழிந்தது யாருடைய ஆறு, இத்தனை சாணமும் கீழே எங்கே போய்ச் சேரும்? மூவாயிரம் வருடமாக யாரும் கேட்காத கேள்வியைச் சாணம் வாங்கப்போகும் ஆறு கேட்கிறது. வேறு வழி அவளே காட்டுகிறாள்: அந்த நிலம் எப்போதோ கடலடியாக இருந்தது, மண்ணில் கிளிஞ்சல் இருக்கிறது. அதிலிருந்து உப்புநீரை எழுப்பி லாயத்தைக் கழுவுகிறான். வேலை முடிந்ததும் கெரியன் பேச்சு மாறுகிறான், பாதாள நதியான ஸ்டிக்ஸ் மேல் சத்தியம் வாங்கவில்லையே என்று. புராணத்தில் ஆஜியாஸும் சொன்ன கூலியைக் கொடுக்கவில்லை.

இந்த மாதிரி இடங்களை அனுபவிக்க மூலக்கதை பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் புத்தகத்துக்கு எதுவும் தேவையில்லை. முடித்த பிறகு பெர்சியூஸ் கதையைப் படித்தால் போதும். பெயர் ஒன்றானாலும் பழைய பெர்சியூஸ் ஸீயஸின் மகன், பொசைடனின் மகன் அல்ல. நல்ல முடிவு கண்ட வெகுசில வீரர்களில் ஒருவன் என்பதால்தான் அந்தப் பெயரை வைத்ததாக அம்மா சொல்வாள். இரண்டாம் புத்தகத்துக்கு முன் ஹோமரின் ஒடிசியில் 9, 10, 12-ஆம் காண்டங்கள்: ஒற்றைக்கண் பாலிஃபீமஸ், சர்சி, பாடும் சைரன்கள், ஸ்கில்லா, கரிப்டிஸ். மூன்றாம் புத்தகத்துக்கு நெமியா சிங்கமும் அட்லஸும். நான்காவதுக்கு டெடலஸ், மைனாஸ், தீசியஸ். ஐந்தாவதுக்கு அக்கிலிஸ், ஆனால் ஸ்டிக்ஸ் நதியில் குதிகாலைப் பிடித்து முக்கியெடுத்த கதை ஹோமரின் இலியட்டில் இல்லை, அது ரோமக் கவி ஸ்டேஷியஸ் எழுதியது. ஹோமரையெல்லாம் புரட்ட நேரமில்லை என்பவர்களுக்குத்தான் மேலே சொன்ன கிரீக் காட்ஸ் புத்தகம், 2014-ல் வந்தது. அடுத்த வருடம் அதே பாணியில் வீரர்களைப் பற்றி ஒன்றும் வந்தது. நாவலுக்குத் துணையாக வீரர்கள் புத்தகம்தான் அதிகம் உதவும்.

ஐந்தில் எது எப்படி? முதலாவது கச்சிதம். இரண்டாவது மெல்லியது, அமெரிக்கப் பதிப்பில் 300 பக்கத்தைத் தொடவில்லை, ஒடிசியின் நிறுத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பேருந்து போல ஓடுகிறது. ஆனால் மூன்று பேருக்கு ஒரு கண், ஒரு பல் என்று இருக்கும் கிழவிகள் நியூயார்க்கில் டாக்சி ஓட்டும் அத்தியாயம் ஒன்றுக்காகவே படிக்கலாம். கண் யாரிடம் இருக்கிறது என்ற சண்டை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. இரண்டாவதில் சலித்து நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. மூன்றாவதின் முதல் ஐம்பது பக்கம் வரை தள்ளிவிட்டால் பிறகு தானாகப் போகும். அங்கேதான் கதைக்குக் கனம் கூடுகிறது, சாவு முதல்முறையாக உண்மையாக விழுகிறது. வாஷிங்டன் விண்வெளி அருங்காட்சியகத்தில் ஆயுதம் துளைக்காத சிங்கத்தின் வாயைத் திறக்க வைக்க, விண்வெளி வீரர்களுக்கான உலர் ஐஸ்கிரீம் பாக்கெட்டுகளைப் பெர்சி தூக்கி எறிகிறான். வாய்க்குள் தோல் கிடையாதே. நான்காவது ஐந்திலும் சிறந்தது. ஐந்தாவது ஏறக்குறைய முழுக்க மன்ஹாட்டன் யுத்தம். சண்டை பிடிக்காதவருக்கு நடுப்பகுதி நீளம்.

ஐந்தையும் கோக்கும் நூல் ஒன்று உண்டு. முகாமில் ஒவ்வொரு ஒலிம்பியக் கடவுளுக்கும் ஒரு குடில், மொத்தம் பன்னிரண்டு. ஹீராவின் குடிலும் ஆர்ட்டெமிஸின் குடிலும் வெறும் மரியாதைக்கு, காலி. பதினோராவது ஹெர்மிஸுடையது, வழிப்போக்கர்களின் கடவுள் என்பதால் யார் வந்தாலும் இடம். தாய் தந்தை இன்னாரென்று எந்தக் கடவுளும் ஒப்புக்கொள்ளாத பிள்ளைகள் அங்கே தரையில் தூக்கப்பையை விரித்துப் படுத்துக் கிடக்கிறார்கள், சிலர் வருடக்கணக்காக. கர்ணன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குடில் உடனே புரியும். முதல் வாசிப்பில் நகைச்சுவையாகத் தெரியும் இந்த நெரிசல்தான் வில்லன் பக்கம் ஆள் சேர்வதற்குக் காரணம். தீர்வு ஐந்தாம் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், வாளால் அல்லாமல் ஒரு கோரிக்கையாக வருகிறது. அதைச் சொல்லிவிட்டால் வாசிப்பு கெடும்.

குறைகளும் சொல்ல வேண்டும். தீர்க்கதரிசனம், பயணம், கெடு நாள், வழியில் மாறுவேடத்தில் ஓர் அசுரப்பிறவி என்ற அச்சு ஒவ்வொரு புத்தகத்திலும் அப்படியே. மூன்றாவதுக்கு மேல் சாலையோரம் அன்பாகப் பேசும் எந்தக் கடைக்காரரையும் வாசகர் நம்பமாட்டார். கடவுள்கள் ஏன் அமெரிக்காவில் என்பதற்கு, மேற்கத்திய நாகரிகத்தின் சுடர் கிரேக்கத்திலிருந்து ரோமுக்கு, பிறகு ஐரோப்பாவுக்கு, கடைசியில் அமெரிக்காவுக்கு வந்தது என்று முகாமின் ஆசிரியர் கைரன் ஒரு விளக்கம் கொடுக்கிறார். மற்ற உலகமெல்லாம் இருட்டில் இருந்ததா என்று கேட்கத் தோன்றும். கதை ஓட வேண்டும் என்பதற்காக விட்டுவிடலாம். வில்லனான டைட்டன் குரோனஸைக் காலத்தின் அதிபதி ஆக்கியிருக்கிறார் ரியோர்டன். பழங்கிரேக்கக் கவி ஹீசியட் சொல்லும் குரோனஸுக்குக் காலத்தோடு தொடர்பில்லை. பெயர் ஒலிக்கும் ஒற்றுமையால் பழங்காலத்திலேயே நேர்ந்த கலப்பு அது. புராணத்தின் பாலியல் பகுதிகள் முழுக்கத் துடைக்கப்பட்டிருக்கின்றன. பத்து வயதுக்கு அது சரி. ஆனால் மெடூசா ஏன் அப்படி ஆனாள் என்பது அரைகுறையாக நிற்கிறது.

ஆங்கிலம் எளிது, வாக்கியங்கள் குட்டை. திணறவைப்பது பெயர்களும் சிலேடையும். கைரன் வேறு, கேரன் வேறு: முன்னவர் குதிரை உடல் கொண்ட ஆசிரியர், பின்னவர் பிணங்களைப் படகில் ஏற்றுபவர். எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பெர்சியே பரீட்சைக்குப் படிக்கும்போது இதில்தான் குழம்புகிறான், பிறகு கேரனை நேரில் பார்த்துப் பெயரை மாற்றிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறான். பிள்ளைக்கு முதலிலேயே இரண்டு உச்சரிப்பையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் தானாகச் சிரிக்கும். பாதாள வாசலான ஸ்டுடியோவின் பெயர் டிஓஏ. நம்மூர் மருத்துவமனைகளில் 'பிராட் டெட்' என்று எழுதுவார்களே, அதற்கு அமெரிக்கச் சுருக்கம். தண்ணீர்மெத்தைக் கடைக்காரன் க்ரஸ்டியின் பெயருக்குள் இருப்பவன் ப்ரொக்ரஸ்டிஸ். கட்டிலுக்கு ஏற்ப ஆளை இழுப்பவன். மூன்றாம் புத்தகத்தில் ஹூவர் அணைக்கட்டுக் காட்சி முழுவதும் அணைக்கும் ஒரு திட்டுச் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியான 'டாம்' என்பதை வைத்துத்தான் ஓடுகிறது, வாய்விட்டுப் படித்தால்தான் சிரிப்பு வரும். இரவில் வாசித்துக் காட்டுவதென்றால் முதல் புத்தகத்துக்கு 22 அத்தியாயம். நாளொன்றுக்கு ஒன்று என்றால் மூன்று வாரம். ஒன்றோடு நிறுத்துவதுதான் கஷ்டம்.

2010-ல் வந்த திரைப்படத்தை முதலில் பார்க்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனைப் பதின்பருவத்தின் கடைசிக்கு இழுத்துவிட்டார்கள், குரோனஸை வெட்டி எறிந்தார்கள்; அடுத்த நான்கு புத்தகத்துக்கும் அவர்தான் அச்சாணி. 2013-ல் இரண்டாவது படத்தோடு அந்த முயற்சி நின்றுபோனது. டிஸ்னியின் தொடர் பரவாயில்லை. டிசம்பர் 2023-ல் முதல் பருவம், எட்டு எபிசோடு. இரண்டு வருடம் கழித்து இரண்டாவது. ரியோர்டனே உருவாக்கத்தில் இருப்பதால் பிள்ளைகளின் வயது சரியாக இருக்கிறது, க்ரோவராக வரும் ஆர்யன் சிம்ஹாத்ரி அருமை. ஒரே ஒரு பெரிய சறுக்கல்: கடைவாசலிலேயே இது மெடூசா என்று மூவருக்கும் தெரிந்துவிடுகிறது. லாஸ் வேகஸின் லோட்டஸ் ஹோட்டலும் அப்படியே. புத்தகத்தில் அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பையனிடம் வருடம் கேட்டு, அவன் 1977 என்று சொல்லும்போதுதான் பெர்சிக்குத் தூக்கிவாரிப் போடும். வெளியே வந்தால் ஐந்து நாள் காணாமல் போயிருக்கும். வாசகருக்கு முன்பே தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்கும் அந்த இடைவெளிதான் புத்தகத்தின் சுவை. தொடர் அதை மூடிவிட்டது.

ஐந்தையும் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றால் ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ். ஒவ்வொன்றும் அமெரிக்கப் பதிப்பில் 500 பக்கத்துக்கு மேல், பெர்சியின் குரல் இல்லை, சில அத்தியாயங்களுக்கு ஒருவர் என்று பார்வை மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது புத்தகம் படுமோசமான இடத்தில் தொங்கவிட்டு முடிவதால் நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அவ்வளவு நீளம் வேண்டாம், நம் கதை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு ரியோர்டன் பெயரிலான பதிப்பு வரிசையில் 2018-ல் வந்த ரோஷனி சோக்ஷியின் ஆரு ஷா இருக்கிறது. பாண்டவர்கள் இக்காலத்தில் சிறுமிகளாகப் பிறக்கும் கதை, அதுவும் ஐந்து புத்தகம். அங்கே எண்ணும் வரிசையும் ஒன்றுதான்.